ரெசிடடிவ்: ஓபராவிலும் தேவாலய இசையிலும் அதன் பங்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரெசிடடிவ் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் ஒரு சாரார் கிறிஸ்துமஸ் காலத்தில் ஹேண்டலின் ‘மேசியா’வைப் பாடும் தேவாலயப் பாடகர் குழுவினர். மறுசாரார் இணையத்தில் ஓபரா பார்க்கத் தொடங்கி, நடுநடுவே பேசுவதுபோல் பாடுகிறார்களே என்று திகைத்தவர்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று படைப்புகளையே நாடுகிறேன்: பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ (1727; ‘பாடுகள்’ என்பது இயேசு பட்ட துன்பமும் மரணமும்), ஹேண்டலின் ‘மேசியா’ (1742), மோசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ (1786). மூன்றுமே எளிதில் கேட்கக் கிடைப்பவை.

ரெசிடடிவ் என்றால் என்ன? அது பாட்டா, பேச்சா?

சுரம் குறித்து எழுதப்பட்ட பேச்சு என்று கொள்ளலாம். ஒவ்வோர் அசைக்கும் இன்ன சுரம் என்று இசையமைப்பாளர் குறித்திருப்பார். ஆனால் அந்தச் சுரங்கள் ஏறுவதும் இறங்குவதும் நீள்வதும் குறுகுவதும் ஒரு மெட்டைக் கட்டுவதற்காக அல்ல, அந்த வாக்கியத்தை உணர்ச்சியோடு உரக்கச் சொன்னால் குரல் எப்படிப் போகுமோ அதைப் பின்தொடர்வதற்காகவே. கேள்வி என்றால் குரல் மேலே போய் நிற்கும். காற்புள்ளி வரும் இடத்தில் சிறு இடைவெளி விழும். சினம் மூண்டால் அசைகள் நெருங்கும்.

பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம்தான். சொற்கள் திரும்ப வருவதில்லை. ஆகையால் பத்து வரிகள் உள்ள உரையாடல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே பத்து வரிகளை ஆரியாவாக, அதாவது மெட்டமைந்த தனிப்பாடலாகப் பாடினால் ஏழெட்டு நிமிடங்கள் ஆகலாம்.

ஆரியாவிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

ஆரியாவில் கடிகாரம் நின்றுவிடும். கதாபாத்திரம் தன் மனநிலையைச் சொல்கிறது, அதையே வேறு வேறு சுரங்களில் மறுபடியும் சொல்கிறது, இசைக்குழு முன்னிசையும் இடையிசையும் வாசிக்கிறது, தாளம் சீராக ஓடுகிறது. ரெசிடடிவில் கடிகாரம் ஓடும்: கடிதம் வருகிறது, யாரோ ஒளிந்துகொள்கிறார், ஒருவர் இறந்த செய்தி வந்து சேர்கிறது. கதையில் ‘அப்புறம் என்ன நடந்தது’ என்பதற்கான பதில் அனேகமாக எப்போதும் ரெசிடடிவில்தான் இருக்கும்.

பாடல் வரிகளை எழுதியவர்களே இந்த வேறுபாட்டைத் தாளில் காட்டிவிட்டார்கள். இத்தாலிய ஓபராவில் ரெசிடடிவுக்கான வரிகள் ஏழு அசைகளும் பதினோர் அசைகளுமாகக் கலந்து, எதுகைக் கட்டுப்பாடு இல்லாமல் ஓடும். ஆரியாவுக்கான வரிகள் ஒழுங்கான அடிகளாக, எதுகையோடு பத்தி பிரித்து அமைந்திருக்கும். இசையமைப்பாளர் தாளைப் பார்த்த உடனே எது எங்கே தொடங்குகிறது என்று அறிந்துகொள்வார். இவை இரண்டுக்கும் இடையில் அரியோசோ என்ற நிலையும் உண்டு: சில வரிகளுக்கு மட்டும் தாளம் சீராகி, குரல் பாட்டாக மலர்ந்து, மறுபடியும் பேச்சுக்குத் திரும்பிவிடும்.

கதையைப் பேசியே சொல்லிவிடலாமே, ஏன் பாட வேண்டும்?

பேசியே சொன்ன மரபுகளும் உண்டு. மோசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ (1791) ஜெர்மன் மொழிப் பேச்சும் பாட்டும் கலந்தது. பிஸேயின் ‘கார்மென்’ 1875இல் பாரிசில் மேடையேறியபோது அதிலும் பேச்சு வசனங்களே இருந்தன; மூன்று மாதங்களில் பிஸே இறந்துவிட, அதே ஆண்டு வியன்னாவில் நடத்துவதற்காக அவருடைய நண்பர் எர்னெஸ்ட் கிரோ அந்த வசனங்களுக்கு ரெசிடடிவ் எழுதிச் சேர்த்தார். இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்பது நல்ல பாடம்.

பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும்போது ஒவ்வொரு முறையும் ஒரு கதவு திறந்து மூடுவதைக் கேட்பவர் உணர்வார். ரெசிடடிவில் அந்தக் கதவு இல்லை. கதாபாத்திரம் சுர உலகத்தை விட்டு வெளியேறுவதே இல்லை. அதனால் ஒரே வாக்கியத்தின் நடுவில் பேச்சு அழுகையாகவும், அழுகை பாட்டாகவும் மாற முடிகிறது. தேவாலய இசையில் இன்னொரு காரணமும் உண்டு. வேதவாக்கியத்தைச் சாதாரணப் பேச்சாக அல்லாமல் ஓதலாகச் சொல்லும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்தது.

இதை யார், எப்போது தொடங்கினார்கள்?

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். கோமான் ஜொவான்னி பார்தியின் வீட்டில் கூடிய அறிஞர்களும் இசைஞர்களும் பழங்கால கிரேக்க நாடகம் எவ்வாறு பாடப்பட்டிருக்கும் என்று விவாதித்தார்கள். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பாடும்போது சொல் காணாமல் போகிறது என்பது அவர்களுடைய குறை. வானியலாளர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 1581இல் வெளியிட்ட நூலில் இதைக் கடுமையாக எழுதினார். ஒற்றைக் குரல், கீழே எளிய துணை, சொல்லுக்கே முதலிடம் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது.

யாகோப்போ பேரி அதை மேடையில் செய்துகாட்டினார். பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் மரியா தெ மெதிச்சிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில், 1600 அக்டோபர் 6 அன்று அவருடைய ‘எவுரிதிச்சே’ அரங்கேறியது. முழுமையாகக் கிடைக்கும் ஓபராக்களில் மிகப் பழையது அதுவே. அதன் முன்னுரையில் பேரி தன் முறையை விளக்குகிறார்: சாதாரணப் பேச்சைவிட உயர்ந்து, பாட்டின் மெட்டுக்கு எட்டாமல் இடையில் நிற்கும் ஒரு வடிவம். அடிச்சுரத்தை அசையாமல் நிறுத்திவைத்து, அதன் மேல் குரல் ஒத்த சுரங்களிலும் உரசும் சுரங்களிலும் தடையின்றி நடக்கவிடுவது அவர் கையாண்ட உத்தி. இன்றுவரை ரெசிடடிவின் அடிப்படை இதுதான்.

ஏழு ஆண்டுகள் கழித்து மான்துவாவில் மொன்டெவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ (1607) வந்தது. எவுரிதிச்சே பாம்பு கடித்து இறந்த செய்தியைத் தோழி கொண்டுவரும் காட்சியைக் கேளுங்கள். கல்யாணக் களிப்பின் நடுவே ஒரு பெண்குரல் நுழைகிறது. அவள் குரலுக்குக் கீழே நிற்கும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) சுற்றியிருப்பவர்களின் கார்டுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சுருதிகளில் இருக்கின்றன. அவளுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கு இன்னும் தெரியாது என்பதை எந்த மெட்டும் இல்லாமல் அந்தக் கார்டுகளே சொல்லிவிடுகின்றன.

அரண்மனையில் ஓபராவுக்காகப் பிறந்தது தேவாலயத்துக்குள் எப்படி வந்தது?

ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரு இடங்களிலும் வந்தது. பேரியின் ‘எவுரிதிச்சே’க்குச் சில மாதங்கள் முன்பே, 1600 பிப்ரவரியில், ரோம் நகரில் புனித பிலிப்பு நேரியின் சபையார் கூடும் ஜெபக்கூடத்தில், ஆன்மாவும் உடலும் உரையாடுவதாக அமைந்த எமிலியோ தெ காவலியேரியின் பக்தி நாடகம் இதே பாணியில் பாடப்பட்டது. ஓரடோரியோ என்ற, பெரும்பாலும் வேதக் கதையை மேடை நடிப்பில்லாமல் பாடும் இசைவடிவம் இத்தகைய ஜெபக்கூடங்களில்தான் வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரிஸ்ஸிமி ‘யெப்தா’வில் வேதக் கதையைச் சொல்ல ஒரு கதைசொல்லியை வைத்தார், ஜெர்மனியில் ஷூட்ஸ் தம் ‘கிறிஸ்து பிறப்பின் வரலாறு’ (1664) என்ற படைப்பில் சுவிசேஷகரின் பகுதியை இத்தாலியப் பாணியில் எழுதினார்.

அதற்கும் முன்பே தேவாலயத்தில் ஒரு வேர் இருந்தது. பரிசுத்த வாரத்தில் பாடுகளின் வரலாற்றை ஒரே சுரத்தைச் சுற்றி ஓதும் இடைக்கால மரபில், இயேசுவின் சொற்கள் தாழ்ந்த சுருதியிலும், சுவிசேஷகரின் சொற்கள் நடுச் சுருதியிலும், மக்கள் கூட்டத்தின் சொற்கள் மேல் சுருதியிலும் அமைந்தன. பாக்கின் பாடுகளில் இயேசு பாஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலாகவும் சுவிசேஷகர் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலாகவும் இருப்பது அந்த ஓதலின் தொடர்ச்சியே.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்ட்மான் நாய்மைஸ்டர் என்ற லூத்தரன் போதகர், ஆராதனைக்கான காண்டாட்டா (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த பல பகுதிப் பாடல்) என்பது ஓபராவின் ஒரு துண்டைப் போன்றதுதான் என்று வெளிப்படையாகவே எழுதி, ரெசிடடிவும் ஆரியாவுமாக வரிகள் இயற்றினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. 1723இல் லைப்ஸிக் நகரில் பணியேற்ற பாக், தேவாலய இசையை ஓபராத்தனமாக அமைப்பதில்லை என்று நகர மன்றத்துக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

சில இடங்களில் ஹார்ப்சிகார்டும் செல்லோவும் மட்டும் வாசிக்கிறார்கள், சில இடங்களில் முழு இசைக்குழுவே வருகிறது. ஏன்?

இரண்டும் இரு வகைகள். அடிச்சுரத்தை வாசிக்கும் செல்லோவும், மேலே கார்டு நிரப்பும் ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கனும் மட்டும் துணைநிற்பது செக்கோ வகை; இந்தத் துணைக்குக் கான்டினுவோ என்று பெயர். உரையாடலும் கதைப்போக்கும் இதில் வேகமாக நகரும். வயலின்களும் பிற வாத்தியங்களும் எழுதப்பட்ட பகுதிகளோடு சேர்ந்தால் அது அக்கொம்பன்யாட்டோ. பொதுவாகக் கதாபாத்திரம் தனியே நின்று மனத்துக்குள் போராடும்போதோ, இயல்புக்கு மீறிய ஒன்று நிகழும்போதோ இது வரும்.

அக்கொம்பன்யாட்டோவில் குரல் நிறுத்தும் இடங்களில் இசைக்குழு பேசும் என்பது முக்கியம். ஹைடனின் ‘படைப்பு’ (1798) ஓரடோரியோவில் விலங்குகள் தோன்றும் பகுதி இதற்கு இனிய எடுத்துக்காட்டு. முதலில் இசைக்குழு சிங்கமாக உறுமும். அதன் பிறகே பாடகர் ‘சிங்கம்’ என்பார். புலியும் மானும் குதிரையும் அப்படியே வந்து, கடைசியில் மண்ணில் ஊரும் புழுவுக்காகக் குரல் பாதாளம்வரை இறங்கும். குழந்தைகளுக்கு ரெசிடடிவை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல பகுதி எனக்குத் தெரியவில்லை.

ஹார்ப்சிகார்ட் வாசிப்பவரின் தாளில் ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறது?

அவருக்குக் கொடுக்கப்படுவது அடிச்சுரமும், அதையொட்டிச் சில எண்களும் மட்டுமே. 6 என்று இருந்தால், அடிச்சுரத்திலிருந்து மூன்றாவதும் ஆறாவதுமான சுரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். எண் எதுவும் இல்லையென்றால் மூன்றாவதும் ஐந்தாவதும். கார்டை ஒரே அடியாக அழுத்துவதா, கீழிருந்து மேலாக உதிர்ப்பதா, எத்தனை சுரங்கள் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நல்ல துணை வாசிப்பாளர் பாடகரின் மூச்சைப் பார்த்தே வாசிப்பார்.

எழுதியிருக்கும் நீளம்கூட எப்போதும் உண்மை நீளம் அல்ல. ‘மத்தேயு பாடுகள்’ முழு இசைத்தாளில் சுவிசேஷகரின் அடிச்சுரங்கள் நீண்டு நிற்பவையாக உள்ளன. வாசிப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த தாள்களிலோ அவை குறுகிய சுரங்களாக, இடையில் மௌனத்தோடு உள்ளன. இதை வைத்து இசைக்குழுக்கள் இன்றும் இரு வழியாகவும் வாசிக்கின்றன. குறுகிய வழியில் சொல் தெளிவாக ஒலிக்கிறது என்பதால் எனக்கு அதுவே உவப்பு.

‘மேசியா’வில் மேய்ப்பர் பகுதியை ஏன் நான்கு துண்டுகளாக வெட்டியிருக்கிறார்? ஒரே பாட்டாக எழுதியிருக்கலாமே?

அந்த நான்கு துண்டுகளும் மேலே சொன்ன இரு வகைகளை மாற்றி மாற்றி வைத்தவை. அதுவரை ‘மேசியா’ தீர்க்கதரிசனங்களால் ஆனது. கதை என்று எதுவும் நடப்பதில்லை. மேய்ப்பர்களின் குழலை நினைவூட்டும் சிறிய வாத்திய இசை முடிந்ததும் சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல் பாடகர்) எழுகிறார்; பெரும்பாலான நிகழ்ச்சிகளில் அவருடைய தனிக்குரலை நாம் கேட்பது அதுவே முதல் முறை. மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி இராத்திரியிலே மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி, கான்டினுவோ மட்டும் துணைநிற்கும் செக்கோவில் வருகிறது. நிலத்தில் நிற்கும் சாதாரண மனிதர்களுக்குச் சாதாரணத் துணை.

தேவதூதன் வந்து நிற்கும் கணத்தில் வயலின்கள் மென்மையாக நுண்சுரங்களை மீட்டத் தொடங்குகின்றன: இது அக்கொம்பன்யாட்டோ. ‘பயப்படாதிருங்கள்’ என்று தூதன் பேசும்போது வயலின்கள் விலகி மறுபடியும் செக்கோ; அந்த நற்செய்தியின் ஒரு சொல்லும் மறையக் கூடாது. பிறகு பரமசேனையின் திரள் தோன்றும்போது வயலின்கள் முன்னிலும் வேகமாகப் படபடக்க, குரல் உச்சத்தில் நிற்க, நேரே கோரஸ் ‘உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமை’ என்று வெடிக்கிறது. ட்ரம்பெட்டுகள் ‘மேசியா’வில் முதன்முதலாக ஒலிப்பது அங்கேதான், அவை தொலைவிலிருந்து கேட்பதுபோல் வாசிக்கப்பட வேண்டும் என்று ஹேண்டல் குறித்திருக்கிறார்.

நான்கு துண்டுகளும் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. இவற்றுக்கிடையே கைதட்டலோ, தாள் புரட்டும் இடைவெளியோ விட்டால் அந்த ஏற்றம் உடைந்துவிடும். பாடகர் குழுவினர் முதல் துண்டு தொடங்கும்போதே எழுந்து நின்றுவிடுவது நல்லது.

‘மத்தேயு பாடுக’ளில் இயேசு பாடும்போது மட்டும் வயலின்கள் கேட்கின்றன. என் காதுக்குத்தான் அப்படியா?

சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். சுவிசேஷகர், பேதுரு, யூதாஸ், பிலாத்து என எல்லோருக்கும் செக்கோதான். இயேசுவின் சொற்களுக்கு மட்டும் வயலின் குடும்பம் முழுவதும் நீண்ட சுரங்களை ஏந்தி நிற்கும். ஓவியங்களில் தலையைச் சுற்றி வரையும் ஒளிவட்டத்தோடு இதைப் பலரும் ஒப்பிடுவார்கள். பாக்கின் ‘யோவான் பாடுக’ளில் (1724) இந்த ஏற்பாடு இல்லை, அங்கே இயேசுவுக்கும் கான்டினுவோ மட்டுமே.

இந்த ஏற்பாட்டின் முழு வலிமையும் அது இல்லாமல் போகும் இடத்தில் தெரியும். சிலுவையில் ‘ஏலி! ஏலி! லாமா சபக்தானி’ என்று கூப்பிடும்போது வயலின்கள் இல்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரமாக ஒவ்வொரு முறையும் உடன் வந்த ஒலி, தேவன் தன்னைக் கைவிட்டதாக அவர் சொல்லும் வாக்கியத்தில் அவரைக் கைவிடுகிறது. உடனே சுவிசேஷகர் அந்த வாக்கியத்தின் பொருளை ஜெர்மன் மொழியில், அதே மெட்டில், ஆனால் உயர்ந்த சுருதியில் திரும்பச் சொல்கிறார். முன்பின் அறியாமல் கேட்பவர்கூட அந்த இடத்தில் ஏதோ விலகிவிட்டது என்று உணர்வார்.

பாக் 1736 அளவில் எழுதிய இதன் சுத்தப் பிரதியில் வேதவாக்கியங்களைச் சிவப்பு மையால் எழுதினார். ரெசிடடிவ் அவருக்கு இரண்டாந்தரப் பகுதி அல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

சுவிசேஷகர் ஒரு கதாபாத்திரமா, வெறும் கதைசொல்லியா?

அவர் நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பதில்லை. ஆனால் எதையும் பாதிக்கப்படாமல் சொல்லிச் செல்பவரும் அல்ல. பேதுரு மூன்று முறை மறுதலித்த பின் ‘மனங்கசந்து அழுதான்’ என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று முதல் பதிலில் சொன்னேன். ‘யோவான் பாடுக’ளில் அந்த விதி இங்கே உடைகிறது: அழுதான் என்ற சொல்லின் மேல் குரல் அரைச்சுரம் அரைச்சுரமாக வளைந்து, இறங்கி, மறுபடி ஏறி நெடுநேரம் தத்தளிக்கிறது. அறிக்கையாகத் தொடங்கிய வாக்கியம் அறிக்கை சொல்பவரின் அழுகையாக முடிகிறது. யோவான் எழுதின சுவிசேஷத்தில் பேதுரு அழுததாக வரியே கிடையாது. இந்த இடத்துக்காகவே மத்தேயுவிலிருந்து அந்த வரியை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இசைத்தாளில் நான்கு எண்ணிக்கைத் தாளம் போட்டிருக்கிறது. அதை எண்ண வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

செக்கோவில் அந்தத் தாளக்குறி எழுதும் வசதிக்கானது. சொல்லின் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை அது காட்டுகிறது. எவ்வளவு வேகம் என்பதைக் காட்டுவதில்லை. எல்லா எட்டில்-ஒன்று சுரங்களையும் சம நீளத்தில் பாடினால் பள்ளிக்கூட வாய்ப்பாடு ஒப்பிப்பது போலாகிவிடும். முதலில் வரிகளை வாய்விட்டுப் படியுங்கள், பொருள் விளங்கும்படி. பிறகு அதே வேகத்தில் சுரத்தைச் சேருங்கள். கடைசியாகத் தாளைப் பார்த்து, எழுதியிருப்பதற்கும் நீங்கள் பாடுவதற்கும் எங்கே பெரிய வேறுபாடு இருக்கிறது என்று சோதியுங்கள். பெரும்பாலும் இசையமைப்பாளர் அங்கே காரணத்தோடுதான் ஒரு சுரத்தை நீட்டியிருப்பார்.

அக்கொம்பன்யாட்டோவில் இந்தச் சுதந்திரம் குறையும், ஏனென்றால் பலர் சேர்ந்து வாசிக்க வேண்டும். ‘மேசியா’வின் முதல் டெனர் பகுதி, அதாவது என் ஜனத்தை ஆற்றுங்கள் என்று தொடங்குவது, பெயரளவில் அக்கொம்பன்யாட்டோ; ஆனால் அதன் பெரும்பகுதி சீரான தாளத்தில் நடக்கும் அரியோசோ. ‘வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்’ என்ற இடத்தில்தான் இசைக்குழு வெட்டி வெட்டிக் கார்டு அடிக்க, குரல் தனித்து அறிவிப்பாக மாறுகிறது. இரண்டையும் ஒரே மாதிரி பாடுவது பரவலாக நடக்கும் பிழை.

எழுதியிருக்கும் சுரத்தை மாற்றிப் பாடச் சொல்கிறார் எங்கள் ஆசிரியர். அது சரியா?

ஒரு குறிப்பிட்ட இடத்தில் சரி. வாக்கிய முடிவில் அழுத்தமுள்ள அசையும் அழுத்தமில்லாத அசையும் அடுத்தடுத்து வந்து, இரண்டும் ஒரே சுரத்தில் எழுதப்பட்டிருந்தால், முதல் அசையை ஒரு படி மேலே பாடி இரண்டாவதில் இறங்குவது 18ஆம் நூற்றாண்டு வழக்கம். அந்தச் சுரம் கீழே உள்ள கார்டோடு ஒரு கணம் உரசிவிட்டு ஒத்துப்போகும். பேச்சில் அழுத்தம் கொடுக்கும் உணர்வு அதனால் வருகிறது. இதற்கு அப்போஜியாட்டூரா என்று பெயர். டெலெமான் 1725-26இல் ஹாம்பர்கில் வெளியிட்ட காண்டாட்டாத் தொகுப்பின் முன்னுரையில், எழுதியபடி ஒரு வரியும் பாட வேண்டியபடி ஒரு வரியுமாக இதற்கு மாதிரி காட்டியிருக்கிறார்.

ஆனால் இரட்டைச் சுரம் கண்ட இடமெல்லாம் இதைச் செய்ய வேண்டியதில்லை. கட்டளையோ தீர்ப்போ போன்ற உறுதியான வாக்கியத்தில் எழுதியபடி நேராக நிற்பது சில நேரம் வலுவாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டு செல்லச் செல்ல இசையமைப்பாளர்கள் பாட வேண்டியதையே எழுதத் தொடங்கினார்கள். அங்கே கைவைக்க வேண்டாம்.

பாடகர் முடித்த பிறகு இரண்டு கார்டு ‘டம், டம்’ என்று வருகிறதே, தாளில் அது குரலுக்கு அடியிலேயே எழுதியிருக்கிறது. எது சரி?

இரண்டும் வழக்கில் இருந்தவை. மேலே சொன்ன அதே முன்னுரையில் டெலெமான், ஓபராவில் பாடகர் கடைசி அசைகளைச் சொல்லும்போதே முடிவுக் கார்டுகளை அடித்துவிடுவார்கள் என்றும், காண்டாட்டாவில் சற்றுத் தாமதித்து அடிப்பார்கள் என்றும் குறிக்கிறார். மேடையில் கதை ஓட வேண்டும். தேவாலயத்தில் வாக்கியம் நெஞ்சில் இறங்க வேண்டும். ‘மேசியா’வில் பெரும்பாலானோர் தாமதித்தே வாசிக்கிறார்கள்.

இது நாம் கச்சேரியில் கேட்கும் விருத்தம் மாதிரிதானே?

தாளக்கட்டு இல்லாமல் சொல்லை முன்வைப்பதில் இரண்டும் ஒத்தவை, அதனால் இந்த எண்ணம் எழுவது இயல்பு. போகும் திசை வேறு. விருத்தத்தில் பாடகர் தாமே ராகத்தைத் தேர்ந்து, ஒரு சொல்லில் தங்கி, அதை விரித்துக்கொண்டே போகலாம். ரெசிடடிவில் சுரம் முன்பே எழுதப்பட்டது. சொல்லில் தங்குவது விதிவிலக்கு. அடுத்து நடப்பதை நோக்கி ஓடுவதே அதன் வேலை. கீழே மாறும் கார்டுகள்தான் அதில் உணர்ச்சியின் திருப்பங்களைச் சுமக்கின்றன.

மொழி மாறினால் ரெசிடடிவும் மாறுமா? தமிழில் மொழிபெயர்த்துப் பாடலாமா?

மாறியே தீரும். ஃப்ளோரன்சில் பிறந்து பிரெஞ்சு அரசவையில் பணியாற்றிய லூல்லி, ‘காத்மஸும் ஹெர்மியோனும்’ (1673) தொடங்கி எழுதிய ஓபராக்களில் இத்தாலிய முறையை அப்படியே கொண்டுவரவில்லை. பிரெஞ்சுக் கவிதையில் அழுத்தம் அடியின் நடுநிறுத்தத்திலும் இறுதியிலும் விழுவதால், அந்த அசை தாளத்தின் முதல் தட்டில் வந்து அமரும்படி அவர் தாளக்குறியையே வரிக்கு வரி மாற்றினார். அவருடைய ரெசிடடிவ் ஆரியாவோடு அதிகம் கலந்து நிற்பதும் அதனால்தான்.

தமிழில் பாடுவதென்றால் சொல்லை மாற்றிப் பழைய சுரங்களின் மேல் ஒட்டினால் போதாது. ஆங்கிலமும் ஜெர்மனும் அசையழுத்தத்தால் நடப்பவை. தமிழ் குறிலும் நெடிலுமாக அளவால் நடப்பது. நெடில் குறுஞ்சுரத்திலும் குறில் நெடுஞ்சுரத்திலும் விழுந்தால் சொல்லே வேறாகிவிடும். வினைமுற்று கடைசியில் வருவதால், இசையமைப்பாளர் உச்சிச் சுரம் வைத்த இடத்தில் நம் வாக்கியத்தின் முக்கியச் சொல் இருக்காது. ஆரியாவில் இதைச் சமாளிக்கலாம், சொற்கள் திரும்ப வருவதால். செக்கோவில் சுரங்களின் நீளத்தைத் துணிந்து மாற்றியமைக்க வேண்டும். கார்டுகளைத் தொடாமல் அதைச் செய்தால் நேர்மையான மொழிபெயர்ப்பாகும் என்பது என் கருத்து.

பிற்கால ஓபராக்களில் ஹார்ப்சிகார்ட் கேட்பதே இல்லையே, ரெசிடடிவ் ஒழிந்துவிட்டதா?

செக்கோ மறைந்தது, ரெசிடடிவ் கரைந்து பரவியது. க்ளுக் 1762இல் வியன்னாவில் ‘ஓர்ஃபெயோவும் எவுரிதிச்சேயும்’ ஓபராவைச் செக்கோ இல்லாமல், முழுவதும் இசைக்குழுத் துணையோடு எழுதினார். ரோஸ்ஸினி 1815இல் நேப்பிள்ஸில் ‘எலிசபெத்தா’வுக்கு அதையே செய்தார், மறு ஆண்டு ரோமில் ‘செவில் நாவித’னில் நகைச்சுவைக்கு ஏற்ற செக்கோவுக்கே திரும்பினார். 1843இல் தோனிசெத்தியின் ‘தோன் பாஸ்குவாலே’ வரும்போது நகைச்சுவைக்கும் அது தேவைப்படவில்லை. வாக்னரிடம் ஆரியா, ரெசிடடிவ் என்ற எல்லைக்கோடே அழிந்து, இடைவிடாத ஒரே ஓட்டமாகிவிடுகிறது. 1951இல் வெனிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி தன் ‘ரேக்கின் பயணம்’ ஓபராவில் ஹார்ப்சிகார்டையும் செக்கோவையும் மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார்.

பாடகரே இல்லாத இசையிலும் ரெசிடடிவ் உண்டு என்கிறார்களே?

உண்டு. பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் (1824) கடைசிப் பகுதி தொடங்கும்போது செல்லோக்களும் டபுள்பேஸ்களும் ரெசிடடிவாகப் பேசுகின்றன. முந்தைய மூன்று பகுதிகளின் இசை ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்க, ஒவ்வொன்றையும் அவை மறுத்துத் தள்ளுகின்றன. சிறிது நேரம் கழித்து ஒரு மனிதக்குரல் எழுந்து, நண்பர்களே, இந்த ஒலிகள் வேண்டாம் என்று ஏறக்குறைய அதே சுரங்களில் பாடும்போதுதான் வாத்தியங்கள் சொல்ல வந்தது என்ன என்று புரிகிறது.

நிகழ்ச்சி நீளமாக இருக்கிறது. ரெசிடடிவை வெட்டிவிட்டு ஆரியாக்களையும் கோரஸ்களையும் மட்டும் வைத்தால் என்ன?

தனிப்பாடல்களின் கச்சேரி என்று அறிவித்துச் செய்யலாம். படைப்பையே நடத்துவதாகச் சொல்லிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஃபிகரோ’வின் மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். பணிப்பெண் சுசான்னா, இரவில் தோட்டத்தில் சந்திப்பதாகப் பிரபுவிடம் பொய்யாக ஒப்புக்கொண்டுவிட்டு வெளியேறும்போது, எதிரே வரும் ஃபிகரோவிடம், வழக்கறிஞர் இல்லாமலே நீ வழக்கில் ஜெயித்துவிட்டாய் என்று தாழ்ந்த குரலில் சொல்கிறாள். செக்கோவில் ஒரே வரி. பிரபு அதைக் கேட்டுவிடுகிறான். உடனே இசைக்குழு சேர்ந்துகொள்ள, ‘வழக்கில் ஜெயித்துவிட்டாயா?’ என்று அவள் சொற்களையே திருப்பிச் சொல்லி அக்கொம்பன்யாட்டோவில் கொதிக்கிறான். அதன் பிறகே அவனுடைய ஆரியா. அந்த ஒரு வரியை வெட்டினால், ஒரு பெரிய மனிதன் காரணமே இல்லாமல் மேடையில் கோபப்படுவதுதான் மிஞ்சும்.

அவ்வளவு முக்கியம் என்றால் மோசார்ட் தன் கடைசி ஓபராவின் ரெசிடடிவை வேறொருவரிடம் ஏன் விட்டார்?

‘தித்தோவின் பெருந்தன்மை’யைக் குறித்த கேள்வி இது. இரண்டாம் லியோபோல்ட் பொஹீமியா மன்னராக முடிசூடும் விழாவுக்காக 1791 செப்டம்பர் 6 அன்று ப்ராகில் அரங்கேறிய படைப்பு. மிகக் குறுகிய காலத்தில் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அதன் செக்கோ பகுதிகள் மோசார்ட்டுடையவை அல்ல. அவருடைய மாணவர் ஸ்யூஸ்மைர் எழுதியவை என்பது பொதுவான கருத்து. ஆனால் அக்கொம்பன்யாட்டோக்கள் அனைத்தையும் மோசார்ட் தாமே எழுதினார். நண்பன் தித்தோவைக் கொல்லும் சதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, அதைச் செய்யும் முன் நடுங்கும் செஸ்தோவின் மனப்போராட்டம் முதல் அங்கத்தின் இறுதியில் அக்கொம்பன்யாட்டோவாகவே வருகிறது.

‘ஃபிகரோ’வின் செக்கோவையும் ‘தித்தோ’வின் செக்கோவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு விளங்கும். ‘தித்தோ’வில் கார்டுகள் ஒழுங்காக, எதிர்பார்த்த வழியில் நகர்ந்து கதையைக் கடத்துகின்றன. ‘ஃபிகரோ’வில் ஒருவர் பொய் சொல்லும் கணத்திலும், ஒருவர் அதைக் கண்டுகொள்ளும் கணத்திலும் அடிச்சுரம் எதிர்பாராத இடத்துக்கு நகர்கிறது. பல இசை நடத்துபவர்கள் ‘தித்தோ’வை மேடையேற்றும்போது செக்கோவைச் சுருக்குகிறார்கள். ‘ஃபிகரோ’வில் அதைச் செய்யத் துணிபவர்கள் குறைவு.